முதலாளி கேட்ட மைல்கள்

1999இல் மாதம் எட்டு முறை விமானம் ஏறியவர் மாசிலாமணி, கோவை பம்பு கம்பெனி ஒன்றின் விற்பனையாளர். அப்போது டிக்கெட் சிவப்புக் கார்பன் ஒட்டிய குட்டிப் புத்தகமாக வரும். ஏறி உட்கார்ந்ததும் தட்டில் மிட்டாய் நீட்டுவார்கள். பறக்கிற தூரம் மைல்களாகச் சேர்ந்தால் இலவசப் பயணம் உண்டு. கிடைத்த உறுப்பினர் அட்டையையெல்லாம் வாங்கிக் குவிக்காமல், கோவைக்கு அதிகம் வந்துபோகும் ஒரே விமான நிறுவனத்தின் திட்டத்தில் சேர்ந்து, மனைவி தெய்வானையை அந்தமான் கூட்டிப்போக மைல் சேர்த்தார்.

விஷயம் முதலாளி ரங்கநாயகம் காதுக்குப் போனது. எங்கேயும் ரயிலிலேயே போகிறவர் அவர். விமானத்தில் சாப்பாடு சரியில்லை என்பார்.

டீலர்கள் கூட்டத்தில் மாசிலாமணியிடம், "டிக்கெட் என் காசு. மைலும் எனக்குத்தான் சேரணும். அப்படி ஒரு திட்டம் பார்த்துச் சொல்லு. இல்லைன்னா வேலையை விட்டுடு" என்றார்.

"இருக்குதுங்க முதலாளி. இந்தத் திட்டமே போதும். பேரு உங்களுது, மைலும் உங்களுது. சீட்டுல மட்டும் நீங்க உக்காரோணும். நாளைக்கு குவாஹாத்தி, மூணு விமானம் மாறோணும். உங்க பேர்லயே போட்டுரட்டுங்களா?"

முதலாளியின் கை நாற்காலிப் பிடியை இறுக்கியது.

"பெல்ட்டைப் போட்டுக்குங்கண்ணா" என்றார் ஒரு டீலர்.

சிரிப்பு அடங்கியதும் முதலாளி சொன்னார்: "சாப்பாடு சரியிருக்காது. நீயே போ."

2002 மே 9 அன்று மாசிலாமணியும் தெய்வானையும் அந்த மைல்களில் அந்தமான் போனார்கள்.