தயிர் வண்டியில் ஏறிய மேலாளர்

"யாருமே பதில் போடல, டீச்சர்."

செங்குட்டுவன் பொள்ளாச்சியில் மெகருன்னிசாவின் கடைக்குள் கால் வைத்ததும் சொன்ன முதல் வார்த்தை இதுதான்.

கோவையில் முப்பத்தேழு மளிகைக் கடைகள் வைத்திருக்கும் நிறுவனத்தில் அவர் கொள்முதல் மேலாளர். வயது ஐம்பத்தைந்து.

மெகருன்னிசா அவரைவிடப் பதினேழு வயது இளையவர். பொள்ளாச்சிப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேதியியல் டீச்சராக இருந்தவர். வேலையை விட்டுவிட்டு, அத்தா நடத்திய ஒரே மளிகைக் கடையை ஐந்து கடையாக்கியவர். அவருக்குச் சரக்கு கொடுப்பவர்கள் இரண்டே வருடத்தில் டீசல் செலவைப் பாதியாக்கிவிட்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. எல்லாருக்கும் அவர் இன்னும் டீச்சர்தான்.

"என்ன கேட்டீங்க, சார்?"

"உங்க சரக்கு எங்க கடைக்கு வந்து சேர்றதுக்குள்ள எவ்வளவு கார்பன் புகை வெளிய போகுது, அதை எப்படிக் குறைக்கப் போறீங்கன்னு கேட்டேன். நாற்பது பக்கம். நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு அனுப்பினேன்."

"எத்தனை திரும்பி வந்தது?"

"மூணு. அதுல ஒருத்தர் எல்லாக் கட்டத்துலயும் 'கொஞ்சம்'னு எழுதியிருக்கார்."

மெகருன்னிசா வாய்விட்டுச் சிரித்தார்.

செங்குட்டுவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"மாசக் கடைசிக்குள்ள பதில் தராதவங்ககிட்ட வாங்குறதை நிறுத்தணும்னு முதலாளி சொல்லிட்டார். பட்டியல் என் பையில இருக்கு. முதல் பேரே உடுமலை தயிர்க்காரம்மா. மயிலாத்தாள்."

"எனக்கும் அவங்கதான் தயிர் தர்றாங்க. ஒன்பது பொம்பளைங்க அங்க வேலை பார்க்கிறாங்க."

"அது எனக்கும் உறுத்துது. அதனாலதான் வந்தேன். நீங்க எப்படிச் செய்ய வெச்சீங்க?"

மெகருன்னிசா பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டார்.

"அவங்க வண்டியில என்னிக்காவது ஏறியிருக்கீங்களா?"

"நானா? எதுக்கு?"

"நாளைக்கு ஏறுங்க. வண்டி எங்க போகுதோ அங்க போய் இறங்குங்க. யாருன்னு சொல்லிக்க வேண்டாம்."

"அப்புறம்?"

மெகருன்னிசா துவரம்பருப்பு நிறுக்கப் போய்விட்டார்.

மறுநாள் விடியற்காலை செங்குட்டுவன் உடுமலையில் தயிர் வண்டியில் ஏறினார். பின்னால் குளிர்பெட்டி வைத்த சின்ன வண்டி. பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். பாதிதான் நிறைந்திருந்தது.

"ஏன் பாதி காலி?"

"நேத்து ராத்திரி பதினோரு மணிக்குத்தான் ஆர்டரே வந்துச்சு, அண்ணா" என்றார் டிரைவர் இருதயராஜ். "இவ்வளவுதான் கேட்டிருக்காங்க. நிறைஞ்சாலும் நிறையாட்டியும் ஆறு மணிக்குள்ள போய் நின்னாகணும்."

"பக்கத்துல காளான் பண்ணை இருக்கே. அவங்க சரக்கையும் ஏத்திக்கலாமே?"

"அவங்களும் ஒரு அரை வண்டி எடுத்துட்டு இதே ரோட்டுலதான் வர்றாங்க. ஒருத்தர் வண்டியில இன்னொருத்தர் சரக்கு இருந்தா அந்தக் கிடங்குல உள்ள விடமாட்டாங்க."

செங்குட்டுவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கிடங்கு வாசல் வந்தது. அவர் வேலை பார்க்கும் கிடங்கு. தினமும் பின்பக்கக் கதவு வழியாகக் காரில் நுழைவார். முன்வாசலை இந்த நேரத்தில் அவர் பார்த்ததே இல்லை.

பதினோரு வண்டிகள் வரிசையில் நின்றன. பதினொன்றும் உறுமிக்கொண்டிருந்தன.

"எஞ்சினை நிறுத்தலாமே?"

"நிறுத்தினா பெட்டி சூடாயிடும். தயிர் புளிச்சா திருப்பி அனுப்பிடுவாங்க. அப்புறம் அதை எடுத்துக்கிட்டு மறுபடி உடுமலைக்குப் போகணும்."

ஒரு மணி நேரம் போனது. இன்னொரு மணி நேரமும் போனது. செங்குட்டுவனுக்குக் கண் எரிந்தது. இறங்கிப் போய் வாசல் காவலாளி முன்னால் நின்றார்.

"எப்ப உள்ள விடுவீங்க?"

"டோக்கன்படி" என்றார் காவலாளி, நிமிராமலே.

"உள்ள நாலு இடம் காலியா இருக்கே?"

"ஒரு நேரத்துக்கு ரெண்டு வண்டிதான். ரூல்."

"யார் போட்ட ரூல்?"

"செங்குட்டுவன்னு ஒரு சார்."

"எப்படி ஆளு?"

காவலாளி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நான் பார்த்ததில்லீங்க. ஆனா ஒரு நாள் இந்த வரிசையில வந்து நின்னிருந்தா இப்படி ஒரு ரூல் போட்டிருக்க மாட்டாரு."

"இருக்கும்" என்றார் செங்குட்டுவன்.

எட்டு நாற்பதுக்குத் தயிர் உள்ளே போனது. செங்குட்டுவன் போகவில்லை. பொள்ளாச்சி பஸ்ஸைப் பிடித்தார்.

"டீச்சர்! புகை வேற எங்கயும் இல்ல. எங்க வாசல்லதான் நிக்குது. அந்த ரூலைப் போட்டவன் நான்தான்!"

"வரிசையில நின்ன மத்த வண்டிகளை உள்ள விட்டீங்களா?"

செங்குட்டுவன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இல்ல. நேரா உங்ககிட்ட சொல்ல ஓடி வந்துட்டேன்."

மெகருன்னிசா பஸ் நிலையம் இருக்கும் திசையைக் கை காட்டினார்.

அன்று மதியமே டோக்கன் ரூல் போனது. அடுத்த வாரம் முதல், மறுநாளைக்கான ஆர்டர் பகல் பன்னிரண்டு மணிக்குள் சொல்லப்பட்டது. இரண்டு பேர் சரக்கு ஒரே வண்டியில் வரலாம் என்றார் செங்குட்டுவன். தயிரும் காளானும் ஒன்றாக வந்து இறங்கின. காத்திருக்கும் வண்டிகள் எஞ்சினை நிறுத்திவிட்டுக் குளிர்பெட்டியை மின்சாரத்தில் ஓட்டிக்கொள்ள வாசலில் வரிசையாக பிளக் வைத்தார். மூன்றே வாரத்தில் காத்திருப்பு இருபது நிமிடமாகிவிட்டது. காவலாளிக்கு இப்போது அவரைத் தெரியும். பார்த்தால் இருவருக்குமே சிரிப்பு வந்துவிடும்.

ஆனால் மாதக் கடைசிக்கு நான்கு நாள்தான் இருந்தது. பட்டியல் இன்னும் பையில் இருந்தது. பையோடு மறுபடி பொள்ளாச்சிக்கு வந்தார்.

"என் பக்கம் சரி பண்ணிட்டேன், டீச்சர். இனி அவங்களை என்ன செய்யச் சொல்லட்டும்?"

"போய்க் கேளுங்க."

"கேட்டாச்சே. நாற்பது பக்கம் கேட்டேனே."

"அது இல்ல, சார். கேளுங்க."

மெகருன்னிசா தன் காதைத் தொட்டுக் காட்டினார்.

செங்குட்டுவன் பையை அங்கேயே வைத்துவிட்டுக் கிளம்பினார்.

உடுமலையில், வந்திருப்பது யார் என்று தெரிந்ததும் மயிலாத்தாள் பதறிப்போனார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்தார்.

"எங்களை நிறுத்தப் போறீங்களாங்க?"

"என்னது?"

தயிர்க் கொட்டகையின் மூலையில் டீசல் ஜெனரேட்டர் ஒன்று கடகடவென்று அதிர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை.

"நிறுத்தப் போறீங்களான்னு கேட்டனுங்க!" என்று கத்தினார் மயிலாத்தாள்.

"இல்லம்மா!" என்று செங்குட்டுவனும் கத்தினார். "சும்மாதான் வந்தேன்! அது எதுக்கு இப்படி ஓடுது?"

"கரண்ட் தினமும் நாலு தடவை போகுதுங்க! இது ஓடலைன்னா பால் கெட்டுப்போயிருமுங்க!"

"சூரிய மின்சாரம் வெச்சுக்கலாமே?"

"எனக்கும் ஆசைதானுங்க! பேங்குல கேட்டனுங்க! அந்தக் கடைக்காரங்க இன்னும் எத்தனை வருஷம் உங்ககிட்டத் தயிர் வாங்குவாங்கன்னு கேட்டாங்க! எனக்கு என்ன தெரியுமுங்க? வாங்குவீங்களா இல்லையான்னு நீங்கதான் மாசாமாசம் சொல்றீங்க!"

"இதை ஏன் என்கிட்டச் சொல்லலை?"

மயிலாத்தாள் அருகே வந்தார். கத்தாமல், அவர் காதுக்கிட்டே சொன்னார்.

"நீங்க அனுப்புன காயிதத்துல எங்கயாச்சும் எழுதலாம்னு முதல்ல இருந்து கடைசி வரைக்கும் தேடிப் பார்த்தனுங்க. அதுக்கு எடமே இல்லீங்க."

செங்குட்டுவன் வெகுநேரம் அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். ஒன்பது பெண்களும் முறை வைத்துக்கொண்டு வந்து கத்திவிட்டுப் போனார்கள். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

மாதக் கடைசியில் முதலாளி தாமோதரன் கேட்டார்: "பட்டியல் எங்கேய்யா?"

"தப்புப் பட்டியல் சார் அது. முதல் பேரா நம்ம வாசலைப் போட்டிருக்கணும்."

முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப எனக்கு என்ன கொண்டு வந்திருக்கே?"

செங்குட்டுவன் பேங்குக்குக் கொடுக்க எழுதிய ஒரு தாளை நீட்டினார். அதில் இரண்டே வரி. இன்னும் மூன்று வருடத்துக்கு மயிலாத்தாளின் தயிரை நாங்கள் வாங்குவோம் என்று இருந்தது.

"மூணு வருஷமா? நடுவுல தயிர் புளிச்சா?"

"இத்தனை நாளா புளிக்க வெச்சது நம்ம வரிசைதான் சார். இப்ப மூணு வாரமா ஒரு டப்பாகூடத் திரும்பிப் போகல."

முதலாளி தாளை மூன்று முறை படித்தார். இரண்டு வரிக்கு அது அதிகம்தான். கடைசியில் கையெழுத்துப் போட்டார்.

தை மாதம் கொட்டகைக் கூரை முழுக்கச் சூரியப் பலகைகள் ஏறின. செங்குட்டுவன் வந்திருந்தார். மெகருன்னிசாவும் வந்திருந்தார். இருதயராஜ் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தார்.

மயிலாத்தாள் போய் ஜெனரேட்டரை அணைத்தார்.

அது இரண்டு முறை இருமியது. நின்றது.

பால் பாத்திரங்கள் குளிர்ந்தபடியே இருந்தன. ஒன்பது பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கேயோ ஒரு மைனா கத்தியது.

செங்குட்டுவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு கையையும் வாயருகே குவித்து, தொண்டை கிழியக் கத்தினார்.

"அம்மா! அடுத்து என்ன செய்யணும்னு சொல்லுங்க!"

கூரையே அதிர்ந்தது. மைனா பறந்துவிட்டது.

மயிலாத்தாள் சிரித்தார்.

"மெதுவாவே பேசுங்க, சார். இப்பக் கேக்குது."