கன்னத்து மை

அருப்புக்கோட்டையில் பதினெட்டு வருடம் கல்யாண போட்டோ எடுத்த சோலைராஜ், நாற்பத்தெட்டாவது வயதில் பிலோமினாவிடம் சீடராகப் போய்ச் சேர்ந்தார். அவள் அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். ஐந்தில் வளையாதது ஐம்பதிலா வளையப் போகிறது என்று மற்ற போட்டோக்காரர்கள் கிண்டலடித்தார்கள். சோலைராஜ் அதைக் காதில் வாங்கவில்லை. அவளை டீச்சர் என்று கூப்பிட்டார். அவள் அவரை அண்ணே என்றாள்.

பிலோமினா எடுப்பது ஒரே வகைப் படம்தான். சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில், விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பாள். சிரி என்று சொல்ல மாட்டாள். சிந்திய சோற்றைக் கூட்டச் சொல்ல மாட்டாள். மூக்குச்சளியோடு பிள்ளை நின்றால் அப்படியே எடுப்பாள். சோலைராஜுக்கு அவள் சொல்லிக்கொடுத்ததும் ஒன்றுதான். அந்த வீட்டில் இருக்கிற எதையும் மாற்றக் கூடாது.

பங்குனியில் சோலைராஜ் முதன்முதலாகத் தனியாக ஒரு வீட்டுக்குப் போனார். காளீஸ்வரி என்கிற பெண்ணின் வீடு. புருஷன் சுந்தரபாண்டி லாரி ஓட்டுகிறவன். ஒரே பிள்ளை, தர்ஷிகா, இரண்டேகால் வயது. நாள் முழுக்க இருந்து நானூறு படம் எடுத்தார். அதில் ஒன்று வாய்த்துவிட்டது. குடத்துத் தண்ணீருக்குள் கையை விட்டுக்கொண்டு பிள்ளை திரும்பிப் பார்க்கிற படம்.

இடது கன்னத்தில் தாய் வைத்திருந்த திருஷ்டி மை, அழுததில் கரைந்து தாடை வரை இழுத்திருந்தது. சோலைராஜ் கண்ணுக்கு அது அழுக்காகத் தெரிந்தது. மணமக்கள் முகத்தில் பருவையும் தழும்பையும் பதினெட்டு வருடமாக அழித்துப் பழகிய கை சும்மா இருக்குமா? கம்ப்யூட்டரில் அந்த மையையும் துடைத்துவிட்டு, சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார். டீச்சரிடம் அந்தப் படத்தை மட்டும் காட்டவில்லை.

மூன்று வாரத்தில் மூளைக்காய்ச்சல் வந்து பிள்ளை செத்துப்போனது.

வீட்டில் சட்டம் போட்ட படம் அது ஒன்றுதான். அதற்கே மாலை போட்டார்கள். படத்தில் கன்னம் வெறுமையாக இருப்பதைத் துக்கம் கேட்க வந்த நாத்தனார்தான் முதலில் கவனித்தாள். "வெளியாளு படம் பிடிக்க வர்ற அன்னைக்குப் பிள்ள கன்னத்துல ஒரு மை வைக்கணும்னு உனக்குத் தோணலையா?" என்று அவள் கேட்டபோது சோலைராஜும் அங்கேதான் இருந்தார். வைத்தேன் என்றாள் காளீஸ்வரி. படத்தைப் பார்த்தாள். வைத்தேனே என்றாள். இன்னொரு தடவை படத்தைப் பார்த்தாள். சோலைராஜ் வாயைத் திறக்காமல் எழுந்து வந்துவிட்டார்.

அன்றிலிருந்து அவள் சோறு தின்பதில்லை என்று சொன்னார்கள். தெருவில் போகிறவர்களை நிறுத்தி, அன்றைக்கு என் பிள்ளையைப் பார்த்தீர்களா, கன்னத்தில் மை இருந்ததா என்று கேட்கிறாளாம். யாருக்கு அதெல்லாம் நினைவிருக்கும்? ஒருநாள் சோலைராஜுக்கும் போன் வந்தது.

"அண்ணே, நீங்கதான் அன்னைக்குப் பூரா வீட்டுல இருந்தீங்க. நான் மை வச்சேனா?"

"ஞாபகம் இல்லம்மா" என்றார் சோலைராஜ்.

மறுநாள் காலையில் பிலோமினாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்ததும் அவர் கேட்டார்.

"டீச்சர், கன்னத்து மை ஒரு உசுரக் காப்பாத்துமா?"

"காப்பாத்தாது."

"அப்ப நான் அதை அழிச்சதால பிள்ள சாகல."

"சாகல."

"பிறகு நான் எதுக்குப் போய்ச் சொல்லணும்?"

பிலோமினா நாற்காலியைக் கம்ப்யூட்டர் முன் இழுத்துப் போட்டாள். அந்த நானூறு படத்தையும் திறக்கச் சொன்னாள். ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினாள். காளீஸ்வரி ஒரு கையால் பிள்ளையின் தாடையைப் பிடித்துக்கொண்டு, மறு கை விரலால் கன்னத்தில் மை வைக்கிறாள். கவனம் சிதறக் கூடாதென்று நாக்கைக் கடித்திருக்கிறாள். பிள்ளை தலையை ஆட்டியதில் கலங்கிப்போன படம். கலங்கிவிட்டதே என்று சோலைராஜ் ஒதுக்கிய படங்களில் அதுவும் ஒன்று.

அதை அச்செடுத்தாள். குடத்துப் படத்தையும், அவர் கை வைப்பதற்கு முன் இருந்தபடி அச்செடுத்தாள். இரண்டையும் ஓர் உறையில் போட்டு அவரிடம் நீட்டினாள்.

"கொண்டு போய்க் குடுங்கண்ணே."

"பழி என் மேல விழும், டீச்சர்."

"விழும்."

"ஒரு டாக்டரக் கூட்டிட்டுப் போயி, காய்ச்சலுக்கும் மைக்கும் சம்பந்தமே இல்லன்னு சொல்ல வைக்கலாமே."

"ஆஸ்பத்திரியில சொல்லாமயா இருந்திருப்பாங்க?"

"இனி இந்த ஊர்ல பிள்ள இருக்கிற வீட்டுக்குள்ள என்னைய யாரும் விட மாட்டாங்க."

"விட மாட்டாங்க."

நானும் கூட வருகிறேன் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்றைக்கு அவருக்கு அவள் மேல் கோபம்தான் வந்தது. ஆனாலும் உறையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

காளீஸ்வரி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். சுந்தரபாண்டியும் நாத்தனாரும் உள்ளே இருந்தார்கள். "நீ வச்சிருந்தம்மா. நான்தான் படத்துல அழிச்சிட்டேன்" என்று சொல்லி உறையைக் கொடுத்தார். அவள் முதலில் எடுத்தது கலங்கிய படத்தை. அதை முகத்துக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். வச்சிருக்கேன் என்றாள். புருஷனிடம் காட்டி வச்சிருக்கேன் என்றாள். நாத்தனாரிடமும் காட்டினாள். எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாள். பிறகுதான் சோலைராஜைப் பார்த்தாள்.

தெருவில் இறங்கி, இரண்டு கையாலும் மண்ணை வாரி அவர் மேல் தூற்றினாள்.

"என் கையால வச்சத அழிச்சேல்ல. அந்தக் கை வெளங்காமப் போகும்."

சுந்தரபாண்டி அடிக்கப் பாய்ந்தான். பக்கத்து வீட்டார் பிடித்துக்கொண்டார்கள். சோலைராஜ் தலையில் விழுந்த மண்ணைத் தட்டாமலே நடந்து வந்தார். அன்று மத்தியானம் காளீஸ்வரி தானே கேட்டு வாங்கிச் சோறு தின்றாள் என்று பிற்பாடு எதிர்வீட்டுக்காரி சொல்லித் தெரிந்தது.

ஒரு மாதம் கழித்து அவர் பிலோமினாவைப் பார்க்க வந்தார். கேமராவைக் கொண்டு வரவில்லை. கடைத்தெருவில் அவரைக் கண்டால் பெண்கள் பிள்ளையை முந்தானையால் மூடிக்கொள்கிறார்கள் என்றார். நேற்று ஒருத்தி, அவர் நடந்து போனதும் அவருடைய காலடி மண்ணை எடுத்துத் தன் பிள்ளைக்குச் சுற்றிப் போட்டாள். அவர் திரும்பிப் பார்க்கிறார் என்று தெரிந்தும் போட்டாள்.

"அத்தனையும் பொய்யின்னு எனக்குத் தெரியும், டீச்சர். தெரிஞ்சும் தாங்க முடியல. படுத்தா அந்தப் பிள்ள மொகந்தான் வருது. என்னாலதான் போச்சோன்னு எனக்கே தோண ஆரம்பிச்சிருச்சு."

பிலோமினா சொன்னாள்.

"பொய்யின்னு தெரிஞ்ச உங்களாலயே தாங்க முடியல. காளீஸ்வரி அத மெய்யின்னு நம்பிக்கிட்டு இருக்கையிலதான் அண்ணே, உங்களுக்குப் போன் பண்ணுனா."