ஒன்றரை டன்னும் ஓர் ஆளும்

கொல்லிமலை வளைவில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிவந்த பிக்கப் வண்டி பள்ளத்தில் உருண்டு, டிரைவர் சடையப்பன் செத்துப்போனான். கருமாதியன்று மண்டி முதலாளி வையாபுரி வந்தார். படத்துக்கு மாலையைப் போட்ட கையோடு, பந்தலில் இருந்த டிரைவர்களைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிட்டார்.

"நான் ஓவர் லோடு ஏத்திட்டேன்னு ஊரே பேசுது. வண்டி மொத்தம் ஒன்றரை டன் தாங்கும்னு கம்பெனிக்காரனே சொல்றான். மூட்டையும் சரியா ஒன்றரை டன். இவன் ஓட்டத் தெரியாம கவுத்ததுக்கு நானா பொறுப்பு? ஒரு கிலோ கூடுதல்னு யாராச்சும் காட்டுங்க, பார்க்கலாம்."

வண்டி நொறுங்கிவிட்டது. கிழங்கு ஓடையோடு போய்விட்டது. எதை எடை போட்டுக் காட்டுவது?

மூலையில் இருந்த சடையப்பன் மனைவி பாவாயி தலை நிமிர்ந்தாள்.

"நீங்க சொன்னா சரியாத்தானுங்க இருக்கும். மூட்டை மட்டும் ஒன்றரை டன்னுங்களா?"

"மூட்டை மட்டும்தான். குண்டுமணி கூடுதல் இல்லை."

"சுத்திலும் நீங்க வெல்டிங் வெச்ச இரும்புக் கூண்டுங்க?"

"அது வண்டியோட சேர்ந்ததும்மா."

"கம்பெனியிலிருந்து வரும்போது இல்லீங்களே. சரி, அது போகட்டும். வண்டியை ஓட்டினது யாருங்க?"

வையாபுரி படத்தைப் பார்த்தார். "உன் புருசன்தான்."

"தொண்ணூறு கிலோ ஆளுங்க. வண்டி தாங்கற எடை அத்தனையும் மூட்டைக்கே போயிட்டா, அவரை எதுல சேர்த்தீங்க?"

டிரைவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பாவாயி படத்துக்கு அவர் போட்ட மாலையைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தாள்.

"கொண்டுபோங்க. உங்க கணக்குப்படி அந்த வண்டியில ஆளே இல்லீங்க."