நடு ஆற்றில் ஒரு சுற்று

பரிசல்காரன் மாதப்பன் வயிற்றெரிச்சலோடு பாறையம்மாவிடம் வந்தான். ஆற்றங்கரை மண்டபத்தில் தங்கியிருக்கும் துறவி அவள். மாதப்பனைவிட ரொம்பவே இளையவள். இருந்தாலும் அவளைத்தான் அவன் குருவாக வரித்திருந்தான்.

அவன் எரிச்சலில் நியாயம் இல்லாமல் இல்லை. அருவி பார்க்க வருகிற கூட்டத்தை நம்பித்தான் அவன் வீட்டில் உலை கொதித்தது. இப்போது ஆற்றின் குறுக்கே பாலம் வந்துவிட்டது. கார்களெல்லாம் இக்கரையில் நிற்காமல் சர்ரென்று அக்கரைக்குப் போயின. அங்கே எவனோ பட்டணத்துக்காரன் கட்டிய ரிசார்ட். பரிசல் துறையில் மாதப்பன் ஈ ஓட்டிக்கொண்டிருந்தான், பாவம்.

"தாயே, ரிசார்ட்காரன் என் பரிசலை விலைக்குக் கேக்கறான்."

"ஓட்டவா?"

"சாப்பிடற ஹால்ல கவுத்துக் கட்டி, உள்ளே விளக்குப் போடவாம்."

"நான் செய்யாதது என்ன தாயே? போட்டோ கேட்டாங்க, எடுக்கக் கத்துக்கிட்டேன். செல்போன்ல ஸ்டார் போடுங்கன்னு கெஞ்சினேன். அரைகுறையா இந்திகூடப் பேசினேன். எல்லாத்துக்கும் வளைஞ்சு குடுத்தேனே! எங்கிருந்தோ வந்த பாலம் என் வயித்துல அடிச்சிருச்சே. பரிசலைக் குடுத்துரட்டா, வெச்சுக்கட்டா?"

பாறையம்மா எழுந்தாள். "என்னை அக்கரையில விடு."

"பாலத்துல நடந்தா பொசுக்குனு போயிரலாமே."

"பரிசலை எடு."

எடுத்தான். நடு ஆற்றில் மடு வந்தது. மாதப்பன் துடுப்பை ஒரே பக்கமாகப் போட்டு வலித்தான். பரிசல் கிறுகிறுவென்று சுற்றியது.

"எதுக்குச் சுத்தற?"

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "பழக்க தோசமுங்க. வர்றவங்க இந்த எடத்துலதான் கூச்சல் போட்டுக் கைதட்டுவாங்க. இதுக்குத்தானே வர்றதே."

"அக்கரை ஊர்க்காரங்களை எப்ப ஏத்துவ?"

"அவங்களா? சீசன்ல கூட்டம் ஓஞ்சதும் ஏத்தறதுங்க. நம்ம சனந்தானே, கொஞ்சம் நின்னா என்ன?"

அவள் குரலில் கசப்பு இருந்தது.

"ஒரு சித்திரை மாசம் நான் அக்கரையில இருந்தேன். பிரசவ வலி வந்த பொண்ணைக் கட்டிலோட தூக்கியாந்து கரையில வெச்சுட்டு, அவ புருசன் கூப்பாடு போட்டான். நீ இதே மடுவுல ஆளுங்களை வெச்சுச் சுத்திக்கிட்டிருந்த."

மாதப்பன் முகம் செத்துப்போனது. "அருவிச் சத்தத்துல கேக்கலைங்க தாயே."

"கேட்டுச்சு. இருன்னு கையைக் காட்டினியே."

அவன் துடுப்பை மடியில் போட்டுக்கொண்டான். ஐயோ என்றிருந்தது அவனுக்கு.

"எறக்கிவிட்டுட்டுப் போனேனுங்க. கரையில யாரும் இல்லை. ஜீப்புல மலையைச் சுத்தி இக்கரை ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்கன்னு சொன்னாங்க."

"போனாங்க. பாதி வழியில உசுரு போச்சு. புள்ளையும் தங்கலை. அதுக்கப்புறம் பாலம் வேணும்னு ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சு வாங்கினது அவ புருசன்தான், மாதப்பா."