ஒரு பழத்துக்கு ஒரு குதிரை

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் நான் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், திடீர் திடீரென்று சட்டம் போடும் ராஜா ஒருவர் இருந்தார். ஒரு நாள் அவர் ஓர் அதிகாரியின் வீட்டுக்குப் போனார். வாசலெல்லாம் ஜனங்கள் கொண்டுவந்த பலாப்பழமும் நெய்க்குடமும் ஆட்டுக்குட்டியுமாக இருந்ததில் கால் வைக்க இடமில்லை. ராஜா பலாச்சுளையில் வழுக்கி, எல்லோரும் பார்க்க விழுந்தார்.

மறுநாளே முரசு அறைந்தார்கள். "இனி எந்த அதிகாரியும் ஜனங்களிடமிருந்து ஓர் எலுமிச்சம்பழத்துக்கு மேல் மதிப்புள்ள எதையும் வாங்கக்கூடாது. வாங்கினால் பதவி போகும்." பெரியவர்களை வெறுங்கையோடு பார்ப்பது வழக்கமில்லை என்று சபை கெஞ்சியதால்தான் அந்த ஒரு பழமும் தப்பியது.

ராஜாவின் சபையில் கூத்தபிரான் என்றொரு விகடன் இருந்தான். ஒரு காலையில் கருத்தாயி என்ற குடியானவள் அவனிடம் அழுதுகொண்டு வந்தாள்.

"நெல்லு கதிர் வாங்குற நேரமுங்க. இன்னும் ரெண்டு நாள்ல ஏரித் தண்ணி வரலைன்னா வைக்கோல்கூட மிஞ்சாது. மதகைத் தெறக்கச் சொல்லி ஏரி அதிகாரிகிட்ட எங்க மரத்துப் பழத்தைக் கொண்டுபோனேன். மோந்து பாத்துட்டு, 'இதுல மரியாதை இல்ல, எதுத்த கடையில வாங்கிட்டு வா'ங்கறாரு. அந்தக் கடையில ஒரு பழத்துக்கு ஒரு மாடு கேக்கறாங்க. போன தடவையே என் பசுவைக் குடுத்துட்டேன். இப்ப எதைக் குடுப்பேன்?"

கூத்தபிரானுக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. நேரே சபைக்குப் போய்ச் சொன்னான். ஏரி அதிகாரி ஏகாம்பரத்துக்கு ஏற்கெனவே இவனைக் கண்டால் ஆகாது. அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"பிரபு, அடியேன் வீட்டைச் சோதனை போடட்டும். எலுமிச்சம்பழம் தவிர வேறு ஒன்று கிடைத்தால் என் பதவியை எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் இந்த வாயாடி நாட்டை விட்டே போக வேண்டும்."

சேவகர்கள் போய்ப் பார்த்தார்கள். கூடை கூடையாகப் பழம் இருந்தது. வேறொன்றும் இல்லை. ராஜாவின் முகம் கடுத்தது.

"கூத்தபிரானே, நாளை உச்சிவேளைக்குள் நிரூபி. இல்லையேல் மூட்டை கட்டு."

"உத்தரவு, மகாராஜா. ஊருக்குள் அலைய வேண்டும். தங்கள் வெள்ளைக் குதிரையைக் கொடுத்தால் நல்லது."

அந்தக் குதிரை ராஜாவுக்கு உயிர். முனகிக்கொண்டே கொடுத்தார்.

மறுநாள் காலை கூத்தபிரான் சேணத்தைக் கழற்றி ஒரு புதரில் ஒளித்தான். தலையில் முண்டாசு கட்டி, குதிரையின் மேல் நாலு கை சேற்றைப் பூசி, ஏகாம்பரம் வீட்டுக்கு எதிரே இருந்த கடைக்கு ஓட்டிப் போனான். கடைக்காரன் முத்தையன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"பழம் என்ன விலைங்க?"

"என்ன காரியத்துக்கு?"

"மதகு தெறக்கணும்."

"அப்ப ஒரு மாடு."

"மாடு இல்லீங்க. இந்தக் குதிரைதான் இருக்கு."

முத்தையன் குதிரையைச் சுற்றி வந்தான். பல்லைப் பார்த்தான். "சரி, நாலு கால் இருக்கில்ல. கட்டிட்டுப் போ" என்று பெரிய மனதோடு ஒரு பழத்தை எடுத்து நீட்டினான்.

உச்சிவேளைக்குக் கூத்தபிரான் நடந்தே சபைக்கு வந்தான்.

"என் குதிரை எங்கே?" என்றார் ராஜா.

"கொடுத்துவிட்டு இதை வாங்கி வந்தேன், மகாராஜா" என்று பழத்தை எடுத்து வைத்தான்.

ராஜா சிம்மாசனத்தை விட்டே எழுந்துவிட்டார். ஏகாம்பரத்துக்கோ தலைகால் புரியாத சந்தோஷம்.

"ராஜத்துரோகம், பிரபு! எலுமிச்சம்பழம் ஒரு பிடி அரிசிகூடப் பெறாதே! அதற்குக் குதிரையைக் கொடுத்தவன் துரோகி, வாங்கினவன் கொள்ளைக்காரன். இருவரையும் சிறையில் தள்ளுங்கள்!"

"அதிகாரி சொன்னதைச் சபை கேட்டதா?" என்றான் கூத்தபிரான். "அப்படியானால் வாங்கினவனையும் அழைத்து வரலாம்."

சேவகர்கள் குதிரையையும் முத்தையனையும் சேர்த்தே இழுத்து வந்தார்கள். ராஜாவின் குதிரை என்று தெரிந்ததும் முத்தையன் தரையில் விழுந்து கும்பிட்டான். சபையில் நின்ற தன் அக்காள் புருஷன் ஏகாம்பரத்தைப் பார்த்தான்.

"மச்சான், காப்பாத்துங்க! நீங்க சொன்ன விலையைத்தானே கேட்டேன்!"

ஏகாம்பரம் கூரையைப் பார்த்தார்.

"மகாராஜா" என்றான் கூத்தபிரான், "ஒரு பழம் ஒரு குதிரை பெறும் என்றால் நான் நியாயமாகத்தான் வாங்கியிருக்கிறேன். ஆனால் அதிகாரி வீட்டில் கூடை கூடையாகக் குதிரை இருக்கிறது. பெறாது என்றால், அவர் வாயாலேயே அவர் மைத்துனன் கொள்ளைக்காரன். எது சரியென்று அவரே சொல்லட்டும்."

ராஜா ஏகாம்பரத்தின் முகத்தையும் பழத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் கிரீடம் ஒரு பக்கம் சாய்ந்தது. அந்தக் குதிரையைக் கூத்தபிரானுக்கே பரிசாகக் கொடுத்தார். பறித்த மாடுகள் அன்றைக்கே வீடு திரும்ப வேண்டும் என்றும், பதவி இழந்த ஏகாம்பரம் போகும்முன் தன் கையாலேயே மதகைத் திறக்க வேண்டும் என்றும் கட்டளை பிறந்தது.

சாயங்காலம் ஏகாம்பரம் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் நின்று மதகுப் பலகையைத் தூக்கினார். கரையில் கருத்தாயி தன் பசுவின் கயிற்றைப் பிடித்தபடி வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் தூக்குங்கய்யா" என்றாள். "கடைசி வயலுக்கு எட்டலை."