தின்னச் சொல்ல ஆளில்லாத காட்டெருமை

மூங்கில் காட்டின் மூலையில் ஒரு முள்வேலிப் பட்டி இருந்தது. சொன்னது சட்டென்று புரியாத மிருகங்களை அதில் அடைத்து வைப்பது அந்தக் காட்டின் வழக்கம். கன்றாக உள்ளே போன காட்டெருமை ஒன்று அங்கேயே மலைபோல வளர்ந்து நின்றது. அது தும்மினால் அடுத்த மலையில் பலாப்பழம் உதிரும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

அத்தனை பெரிய உடம்பு ஒரே ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டிருந்தது. காவல்காரக் கரடி "தின்னு!" என்றால்தான் வாயைத் திறக்கலாம். அதற்கு முன்னால் ஒரு புல்லைத் தொட்டாலும் முதுகில் பிரம்படி.

ஒருநாள் யானை வந்து கரடியை விரட்டிவிட்டு வேலியை மிதித்துப் போட்டது.

"அடைத்து வைத்தது போதும்! எல்லாரும் நம்மோடு வாழட்டும்! தம்பி, இனி நீ சுதந்திரப் பறவை!"

"இல்லைங்க, நான் எருமை," என்றது காட்டெருமை.

காடே சிரித்தது. குளக்கரையில் பச்சைப் புல் மண்டிய இடத்தை அதற்கென்று கொடுத்தார்கள். மாலைகூடப் போட்டார்கள். பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

காட்டெருமைக்கு நாக்கில் நீர் ஊறியது. யாராவது சொல்லட்டும் என்று காத்து நின்றது.

காலையில் குளத்துக்கு வருகிறவர்கள், "என்ன மச்சான், சாப்பிட்டாச்சா?" "ஆச்சு மாப்ளே!" என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு வாயையும் அது ஆசையோடு பார்த்தது. அதன் பக்கத்தில் வந்ததும் பேச்சு நின்றுவிடும்.

"அதுகிட்ட என்னத்தைக் கேட்கிறது? புரியவா போகுது!" என்றது மான்.

"கொஞ்சம் இளைச்ச மாதிரி இல்லே?" என்றது மயில்.

"இளைச்சாத்தான் அழகு! எவ்வளவு நிம்மதியா நிற்குது பாரேன்!" என்றது நரி.

விலா எலும்பு துருத்திக்கொண்டு வந்தது. அப்போதும் அது நின்றுகொண்டேதான் இருந்தது.

ஒருநாள் அவசரமாக ஓடிய முயல், யாரென்று பார்க்காமல் பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டது: "என்ன அண்ணே, சாப்பிட்டாச்சா?"

"இன்னும் யாரும் தின்னச் சொல்லலையே, தங்கச்சி."

முயலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, தின்னுங்க அண்ணே! தின்னுங்க!"

காட்டெருமையின் முகம் மலர்ந்தது. குனிந்தது. குனிந்தபடியே முன்னங்கால் மடங்கி விழுந்தது. ஒரு வாய்ப் புல்லைக் கவ்வியது, மென்று விழுங்கத் தெம்பில்லை. பொழுது சாய்வதற்குள் கண் மூடிவிட்டது.

"வேலியைத்தான் எடுத்துவிட்டேனே! வேறென்ன செய்திருக்க வேண்டும்?" என்று யானை கதறியது.

அடைபட்டுக் கிடந்தவரை வெளியே விட்டால் மட்டும் போதாது. பக்கத்தில் போய் நின்று 'சாப்பிட்டாயா?' என்று கேட்கிற நாளில்தான் அவர் நம்மோடு வாழத் தொடங்குகிறார்.