ஒன்பது குஞ்சுகளும் இரண்டு செங்கற்களும்

ஆரணிக்கு வெளியே, நெல் மண்டிகளைத் தாண்டி, ஓடு வேய்ந்த ஒரு வீட்டில் உண்ணாமலை என்றொரு குரு இருந்தார். ஆசிரமம் என்று பலகை மாட்டவில்லை. காவி கட்டவில்லை. வயது முப்பத்தெட்டு. கேள்வியோடு வருகிறவர்களில் பாதிப் பேர், "குரு இருக்காராம்மா?" என்று அவரிடமே கேட்டார்கள். "கொல்லையில இருப்பாரு, வாங்க" என்று சொல்லி முன்னால் நடந்துபோய், கொல்லையில் உட்கார்ந்துகொள்வார்.

வேலூரிலிருந்து வந்த குணசுந்தரி அப்படிக் கேட்கவில்லை. முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு, ஒரு வீட்டில் யார் சொல் எடுபடும் என்று வாசலிலேயே தெரிந்துவிடும். தன்னைவிடப் பதினாறு வயது இளையவரை அவள் "அம்மா" என்றாள். குரு அவளை "அக்கா" என்றார். இரண்டு பேருக்கும் அதில் கூச்சமில்லை.

அவள் கொண்டுவந்த கேள்வி ஒன்றுதான். ஒரே மகன் முகிலனுக்குக் கப்பலில் வேலை கிடைத்திருந்தது. ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் கரை. கூடாது என்றாள் இவள். போவேன் என்றான் அவன். வார்த்தை தடித்து, "போறதுன்னா போ, ஆனா திரும்பி இந்த வாசலை மிதிக்காதே" என்று சொல்லிவிட்டாள். சொன்ன கையோடு அவனுடைய பாஸ்போர்ட்டை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அவன் வேலையில் சேர இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

"அவனைத் தடுக்க ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா."

"கொல்லையில வாத்துக் குஞ்சு பொரிச்சிருக்கு. பதினொண்ணு. பாத்துக்கறீங்களா அக்கா?"

"நான் கேட்டதுக்கு இதுவா பதில்?"

"நான் கும்பகோணம் வரைக்கும் போறேன். எட்டு நாள்ல வந்துடுவேன். வந்து பேசலாம்."

குரு பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். குருமார்களுக்கு இது ஒரு வசதி.

குஞ்சுகளைப் பொரித்தது ஒரு கோழி. அந்தப் பக்கத்தில் அதுதான் வழக்கம். வாத்து முட்டை போட்டுவிட்டுப் போய்விடும், அடைகாக்கப் பொறுமை கிடையாது. கோழிக்கு அந்தப் பொறுமை உண்டு. இருபத்தெட்டு நாள் உட்கார்ந்து, மஞ்சள் மஞ்சளாகப் பதினொன்றைப் பொரித்துவிட்டு, இதென்ன மூக்கு இப்படித் தட்டையாக இருக்கிறது என்று கூடக் கேட்காமல் வளர்த்துக்கொண்டிருந்தது.

வாத்தென்றால் நீந்தும். குணசுந்தரி ஒன்றாம் வகுப்பில் படித்த புத்தகத்தில் வாத்துக்குக் கீழே எப்போதும் நீலம் அடித்திருக்கும். மறுநாள் காலையில் துணி அலசும் பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் நிரப்பிப் பதினொன்றையும் விட்டாள். அவை நீந்தின. அவளுக்கு ஒரே பெருமை. கோழி மட்டும் டப்பைச் சுற்றிச் சுற்றி ஓடிக் கத்தியது. சும்மா இரு, உனக்கு என்ன தெரியும் என்று அதை அதட்டிவிட்டு, அடுப்பில் வைத்த சோற்றைப் பார்க்க உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது இரண்டு குஞ்சுகள் கவிழ்ந்து மிதந்தன. மற்ற ஒன்பதும் நடுங்கிக்கொண்டு ஓரத்தில் ஒட்டிக் கிடந்தன. ஒன்பதையும் வாரி முந்தானையில் போட்டுக்கொண்டாள். இரண்டை வாழை அடியில் புதைத்தாள். டப்பைக் கவிழ்த்துக் கொல்லை மூலையில் வீசினாள்.

அன்றைக்கே சட்டம் போட்டாயிற்று. குஞ்சுகளுக்குத் தண்ணீர் இனிமேல் எவர்சில்வர் டப்பாவின் மூடியில்தான். நகக்கண் ஆழம். குடிக்கலாம், முங்க முடியாது. நாளைக்கு ஆறு தடவை மூடியைக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றினாள். கோழியே அவளைப் பாராட்டுவது போலப் பார்த்தது.

ஐந்தாம் நாள் ஒரு குஞ்சுக்குக் கண் ஓரத்தில் நுரை கட்டியது. அடுத்த நாள் மூன்றுக்கு. அதற்கடுத்த நாள் ஐந்து குஞ்சுகளுக்குப் பீளை காய்ந்து, இமை ஒட்டிக்கொண்டது. எல்லாவற்றிலும் சின்னது ஒன்று இருந்தது. அதற்கு இரண்டு கண்ணும் மூடிவிட்டன. தவிடு இருக்கும் திசை தெரியாமல் கோழியின் இறக்கைக்கு அடியிலேயே கிடந்தது.

குணசுந்தரி விடவில்லை. மஞ்சள் தண்ணீரில் பஞ்சு நனைத்துத் துடைத்தாள். மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டாள். தாய்ப்பால் விட்டால் தெளியும் என்று யாரோ சொன்னதை நம்பி, பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றிருந்த பெண்ணிடம் நாலு சொட்டு கேட்டாள். வாத்துக்கா என்று அந்தப் பெண்ணின் மாமியார் கேட்ட கேள்வியிலும், கதவைச் சாத்திய வேகத்திலும் ஒரு மரியாதையும் இல்லை. கால்நடை மருந்தகத்துக்கு ஃபோன் போட்டாள். தண்ணீர் வைக்கிறீர்களா என்று அங்கிருந்தவர் கேட்டார். ஒரு நாளைக்கு ஆறு தடவை மாற்றுகிறேன் என்று இவள் வெடுக்கென்று சொன்னாள். எதில் வைக்கிறீர்கள் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. தோன்றும்படி இவளும் பேசவில்லை.

எட்டாம் நாள் உச்சி வேளையில் குரு வந்தார். குணசுந்தரி கொல்லைக் கதவிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, ரெண்டு செத்துப்போச்சு. ஒன்பது இருக்கு, அதுல அஞ்சுக்குக் கண்ணு திறக்கல. இந்தச் சின்னது நேத்துலேருந்து ஒண்ணும் தின்னல. நான் பண்ணாதது ஒண்ணும் பாக்கி இல்ல. நீங்களாவது என்ன செய்யணும்னு சொல்லுங்க."

குரு குனிந்து குஞ்சுகளைப் பார்த்தார். மூடியைப் பார்த்தார். மூலையில் கவிழ்ந்து கிடந்த டப்பைப் பார்த்தார். தவிடு சலித்தாயிற்றா என்று மட்டும் கேட்டார்.

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. சாகக் கிடக்கிறது குஞ்சு, தவிட்டைப் பற்றிக் கேட்கிறார் குரு. சல்லடையை எடுத்து, ஆத்திரத்தையெல்லாம் கையில் ஏற்றிச் சலித்தாள். வயல் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. ஒரு கை தவிடு அப்படியே இரண்டு கண்ணிலும் விழுந்தது.

"அம்மா, தண்ணி. சீக்கிரம் தண்ணி குடுங்க."

குரு தண்ணீர் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். குணசுந்தரி விரலை விட்டுப் பார்த்தாள். விரல் நுனி அடியில் இடித்தது. மூடி. நகக்கண் ஆழம்.

"இதுல எப்படிம்மா கண்ணக் கழுவறது?"

"அதுக்கு மேல ஊத்தப் பயமா இருக்கு அக்கா."

குணசுந்தரி வாயைத் திறந்தாள். அவளுக்குத் தெரிந்த வசவுகளில் குருவுக்குப் பொருந்துவது எது என்று தேடுவதற்குள் கண் எரிந்தது. மூடியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டுத் தடுமாறிக் கிணற்றடிக்குப் போனாள். அங்கே இருந்த சிமெண்டுத் தொட்டியில் முகத்தைக் காது வரைக்கும் அமுக்கினாள். உள்ளேயே கண்ணைத் திறந்து திறந்து மூடினாள். மூச்சு முட்டியதும் தலையைத் தூக்கினாள். மூக்கிலிருந்து தண்ணீரைச் சீந்தினாள். மறுபடி அமுக்கினாள்.

மூன்றாம் தடவை நிமிர்ந்தபோது பார்வை தெளிந்திருந்தது. எதிரே மூடியைச் சுற்றி எட்டுக் குஞ்சுகள். ஒன்று அலகைத் தண்ணீரில் சாய்த்துத் தலையைக் கண்வரை நனைக்கப் பார்த்தது. அடியில் அலகு இடித்தது. மறுபடி சாய்த்தது. மறுபடி இடித்தது. எத்தனை நாளாக இதையே செய்துகொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. நாளைக்கு ஆறு தடவை அவள் பார்த்தது மூடியைத்தான்.

ஈரம் சொட்டச் சொட்டக் கொல்லை மூலைக்குப் போனாள். டப்பைப் புரட்டினாள். அப்புறம் நின்றுவிட்டாள்.

"இதுலதானேம்மா செத்துச்சு."

"இதுலதான்."

உள்ளே வெயில் விழுந்தது. டப்பின் உட்சுவரில் சோப்பும் பாசியுமாகப் படிந்திருந்தது. அந்தப் பாசியில் கோடுகள். ஊசியால் கீறியது போல மெல்லியவை, மூன்று மூன்றாக. சுற்றிலும் இருந்தன. எல்லாம் கீழிருந்து மேலே போயிருந்தன. விளிம்புக்கு நாலு விரல்கடை இருக்கும்போது நின்றிருந்தன.

குணசுந்தரி கோடுகளின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். ஒரு கோட்டின் வழியே மேலே போய், அது முடிந்த இடத்தில் விரலை நிறுத்தினாள். 

"இதுங்க ஏறப் பாத்திருக்குங்கம்மா."



கிணற்றுக்குப் பின்னால் செங்கல் கிடந்தது. இரண்டை எடுத்துவந்தாள். டப்புக்குள் ஒன்றைப் படுக்க வைத்து, அதன்மேல் மற்றதைப் பாதி தள்ளி வைத்தாள். படி மாதிரி ஆயிற்று. டப்புக்கு வெளியே மண்வெட்டியால் மண்ணை வெட்டி விளிம்பு வரைக்கும் அணைத்தாள். குரு கைகொடுக்க வரவில்லை, இவளும் கூப்பிடவில்லை. தண்ணீர் ஊற்றினாள். முதல் குடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தாள். இரண்டாவதை ஒரே மூச்சில் கவிழ்த்தாள்.

எட்டுக் குஞ்சுகளை விட்டாள். எட்டும் தலையைக் கழுத்துவரை அமுக்கின. சிலிர்த்தன. மூக்கால் தண்ணீரை ஊதின. பிறகு, யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஒன்று செங்கல்லில் கால் வைத்து ஏறி, மண்மேல் நின்று, இறக்கை என்று பேர்பண்ணிக்கொண்டிருந்த இரண்டு துண்டுகளை உதறியது. அது ஏறியதைப் பார்த்து இன்னொன்று ஏறியது.

ஒன்பதாவது சின்னது. அதை உள்ளங்கையில் வைத்து மெல்லத் தண்ணீரில் இறக்கினாள். தலை தொங்கியது. அலகு நனைந்தது. ஒன்றும் நடக்கவில்லை. கையை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினாள். அலகு முங்கியது, கண் முங்கியது. சட்டென்று குஞ்சு தலையை உதறி, மூக்கிலிருந்த தண்ணீர் அத்தனையையும் அவள் முகத்தில் தும்மியது.

"கழுதை" என்றாள் குணசுந்தரி. சிரித்துவிட்டாள். ஈர முகத்தில் எது டப்புத் தண்ணீர், எது வேறு தண்ணீர் என்று யாரும் கேட்கவில்லை.

காலையும் மாலையும் தண்ணீர் காட்டினாள். பீளை ஊறி உதிர்ந்தது. இரண்டாம் நாள் இரண்டு குஞ்சுகளுக்குக் கண் திறந்தது. மூன்றாம் நாள் இன்னும் இரண்டுக்கு. சின்னதுக்குத் தவிட்டைப் பிசைந்து அலகில் வைத்து ஊட்டினாள். நான்காம் நாள் காலையில் அதை எடுக்கக் கை நீட்டியபோது, மிளகு மாதிரி இரண்டு கண்கள் அவளைப் பார்த்தன. பார்த்துவிட்டு, அவள் கையைத் தாண்டிக் குதித்து ஓடி, தானே டப்பில் விழுந்தது. ஒரு சுற்று நீந்தியது. செங்கல் மேல் ஏறியது. உதறியது. மறுபடி விழுந்தது.

குணசுந்தரி கைதட்டினாள். கொல்லைச் சுவருக்கு மேலே பக்கத்து வீட்டு மாமியாரின் தலை எட்டிப் பார்த்தது. வாத்துக்குக் கண் திறந்துவிட்டதா என்று கேட்டாள்.

"திறந்துச்சு. உங்க வீட்டுப் பால் இல்லாமலே திறந்துச்சு."

தலை இறங்கிவிட்டது. குரு மட்டும் கீரையை ஆய்ந்தபடி சிரித்துக்கொண்டார்.

அன்று முழுவதும் குணசுந்தரி ராணி மாதிரி நடந்தாள். ஒன்பதும் இறங்கும், ஒன்பதும் ஏறும். ஒவ்வொரு தடவையும் அவள் எண்ணினாள். கோழிகூட டப்பைச் சுற்றி ஓடுவதை விட்டுவிட்டது.

"கத்தறத நிறுத்திடுச்சு பாருங்கம்மா."

"எங்க நிக்குது, பாருங்க அக்கா."

குணசுந்தரி பார்த்தாள். கோழி, செங்கல் இருந்த பக்கமாக, மண்மேட்டில் நின்றுகொண்டிருந்தது. ஏறி வருகிற குஞ்சு ஒவ்வொன்றும் நேராக அதன் காலடியில் வந்து நின்றது.

 அவள் உள்ளே போய்க் கைப்பையை எடுத்துவந்தாள். பாஸ்போர்ட்டை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முகிலன் சேர வேண்டிய நாளுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

ஃபோன் போட்டாள். பாஸ்போர்ட் தன்னிடம்தான் இருக்கிறது என்றும், நாளைக் காலை வீட்டுக்கு வந்துவிடுவேன், வந்து வாங்கிக்கொள் என்றும் சொன்னாள். சொல்லும்போது குரல் கம்பீரமாகத்தான் இருந்தது. பெரிய காரியம் செய்துவிட்ட குரல். அந்தச் சண்டைக்குப் பிறகு கல்லூரி நண்பன் அறையில் தங்கியிருந்த முகிலன் கேட்டுக்கொண்டான்.

"சரிம்மா. நான் கேட்டுக்கு வெளியவே நின்னு வாங்கிக்கறேன்."

 குணசுந்தரி ஃபோனை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு குருவைப் பார்த்தாள். கம்பீரம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

"டப்புன்னா ஒன்றரைச் சாண்மா. கடல் எவ்வளவு ஆழம். அதுல நான் எங்க போய்ச் செங்கல் வைக்கறது?"

குரு கீரைத் தண்டை ஒடித்தார்.

"கடல்ல எதுக்கு அக்கா? உங்க வாசல்ல வைங்க."

சின்னக் குஞ்சு செங்கல் ஏறி, மண்மேட்டில் நின்று, உதறியது. குணசுந்தரி அது உதறி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஃபோனைக் காதில் வைத்தாள்.

"கேட்டுல ஏன்டா நிக்கறே? செருப்பக் கழட்டிட்டு உள்ள வா. ஒவ்வொரு லீவுக்கும் உள்ள வா."